ஒரு கட்டிங்தானே என்கிறவர்களுக்கு

"ஆறு மாசம் பொறுத்துக்குங்க. அப்புறம் காஸ் இல்லாததா பார்த்து, கொஞ்சமா எடுத்துக்கலாம்."

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் குடியைப் பற்றி வாயெடுத்தால், தென்சென்னையில் அவருக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக இதுதான். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். தி.நகர் நடேசன் பூங்கா பெஞ்சிலும் இதே பேச்சுதான். அடையாறில் ஒரு வீட்டு விருந்தில் இரண்டு ஸ்பூன் தயிர்சாதத்தோடு ஓரமாக உட்கார்ந்திருப்பவரிடம் கிளாஸை நீட்டும் நண்பர் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "வருஷம் ஆயிடுச்சு இல்ல? ஒரு கட்டிங்தானே, ஒண்ணும் ஆகாது."

இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நண்பன் விருந்தில் தனித்துப்போய்விடக் கூடாது என்ற கரிசனம் அதில் இருக்கிறது. ஆனாலும் அந்த ஆலோசனை அடியோடு தவறு. ஆபத்து முடிந்துவிட்டது என்று அது எந்த நாளைக் காட்டுகிறதோ, அந்த நாளைத் தாண்டித்தான் ஆபத்து தலைதூக்குகிறது.

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் நியாயம் புரியும். தையல் ஆற வேண்டும். வாந்தி நிற்க வேண்டும். காஸ் பானம் சுருங்கிய இரைப்பையை உப்பவைத்து வலியைக் கொடுக்கும். மதுவில் கிராமுக்கு 7 கலோரி. ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடுவதே அதைப் போல் இரு மடங்கு இருந்தால் அதிகம். இவை எல்லாம் உண்மை. ஆனால் இவை தையலையும் எடைபார்க்கும் எந்திரத்தையும் பற்றிய கவலைகள். குடித்தது ரத்தத்தில் எப்படி ஏறுகிறது, மூளையை எப்படித் தொடுகிறது என்ற பேச்சு இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

இரைப்பை மதுவுக்கு ஒரு மதகு. குடித்தது அங்கே சற்று நேரம் தங்குகிறது. ஒரு சிறு பங்கு அங்கேயே நொதியால் சிதைகிறது. மீதியை இரைப்பையின் அடிவாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் திறந்துவிடுகிறது. மது விறுவிறுவென்று ரத்தத்தில் கலப்பது சிறுகுடலில்தான். பைபாஸ் அறுவையில் இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் பை ஒன்றை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். ஒரு ஸ்மால் பெக் கொள்ளும் இடம், அதன் கீழே திறந்த வழி. இன்று நம் ஊரில் அதிகம் நடக்கும் ஸ்லீவ் அறுவையில் அடிவாயில் அப்படியே இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறார்கள். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியெடுத்து மீதியைக் குழாயாக்கிய பிறகு, உள்ளே போன திரவம் அங்கேயும் நிற்பதில்லை. முன்பைவிட வேகமாக இறங்கிவிடுகிறது.

2015இல் 'ஜாமா சர்ஜரி' இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. பைபாஸ் செய்துகொண்ட பெண்களுக்கும், அதே அறுவைக்குக் காத்திருந்த பெண்களுக்கும் ஒரே கணக்கில் மது கொடுத்து ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அளவு, அந்த ஊர்க் கணக்கில் சுமார் இரண்டு டிரிங்க். அறுவை செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் மது சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போனது. அந்த உச்சமும் மற்றவர்களுடையதைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டு குடித்தவர் நான்கு குடித்தவராக இருந்தார். ஸ்லீவ் செய்துகொண்டவர்களிடமும் இதே போக்கை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்த இரண்டு டிரிங்கை நம் ஊர் அளவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மி.லி. குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். அதை இருவர் பகிர்ந்துகொண்டால் கட்டிங்: 90 மி.லி., 30 கிராம். அமெரிக்கர்களின் இரண்டு டிரிங்க் 28 கிராம். ஆக, அந்த ஆய்வுக்கூடத்தில் கொடுத்தது கிட்டத்தட்ட நம்மூர்க் கட்டிங்தான். பைபாஸ் செய்துகொண்டவர் ஒரு கட்டிங் போட்டால் அவருடைய ரத்தம் அதைக் குவார்ட்டராகவே வாங்கிக்கொள்கிறது, அதுவும் குவார்ட்டரை மெதுவாகக் குடித்தவருக்குக் கிடைக்கும் அவகாசம்கூட இல்லாமல். "ஒண்ணும் ஆகாது" என்று நீட்டிய நண்பர் பாதி ஊற்றியதாக நினைக்கிறார், முழுதும் ஊற்றியிருக்கிறார்.

காஸ் இல்லாத ஒயின் பரவாயில்லை என்பதும் இதே ரகம். 150 மி.லி. ஒயினில் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஒன்றில் 41 கிராம் வரை இருக்கிறது. நுரை இருந்தால் வயிறு வலிக்கும், இல்லாவிட்டால் வலிக்காது. ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றே. வலி வராத பானம்தான் அதிகம் உள்ளே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

"வயிறே கைப்பிடி அளவுதான் இருக்கு, எவ்வளவுதான் குடிச்சுட முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டர்கள் சிலரிடமே இந்த நம்பிக்கை இருக்கிறது. இட்லி நிற்கும், சப்பாத்தி நிற்கும், ஆட்டுக்கறி தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். திரவம் நிற்காது. கைப்பிடி வயிறு சாப்பாட்டுக்கு வேலி போடுகிறது, குடிக்குப் போடுவதில்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. அறுவைக்குப் பின் டயட்டீஷியன் தரும் தாளில் சாப்பாட்டோடு எதையும் குடிக்காதீர்கள், அரைமணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று எழுதியிருக்கும். நல்ல விதி, தண்ணீருக்காக எழுதியது. அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறவர் மதுவையும் வெறும் வயிற்றில்தான் குடிப்பார். சைடிஷ் இல்லாமல் உட்காராதே என்று நம்மூர்க் குடிகாரர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒரே தற்காப்பு இவருக்குக் கிடையாது. ஒரு கை நிறைய வேர்க்கடலைகூட இவரால் தின்ன முடியாது.

இனி அந்த ஆறு மாதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் எடை குறைப்பு அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து, 2012இல் 'ஜாமா' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குடிநோயின் அடையாளங்கள் இருந்தவர்கள் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம். முதலாம் ஆண்டில் 7.3. இரண்டாம் ஆண்டில் 9.6. முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் பாருங்கள். ஏறியது இரண்டாவது வருடத்தில். அதே குழுவினர் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்து, 2017இல் அடுத்த கணக்கைக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அந்த அடையாளங்கள் இல்லாதவர்களில், பைபாஸ் செய்துகொண்ட 20.8 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் அவை வந்திருந்தன. ஐந்தில் ஒருவர். மிச்சிகன் மாநிலத்தில் ஸ்லீவையும் பைபாஸையும் சேர்த்துப் பார்த்த வேறொரு ஆய்விலும் எண்கள் முதலாண்டில் சற்று இறங்கி, இரண்டாமாண்டில் பழைய அளவைத் தாண்டிப் போயின.

அமெரிக்கர்கள் குடிக்கும் விதமே வேறு, அந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். குடிக்கும் விதம் வேறாகவே இருக்கட்டும். நம்முடையது அதைவிட மோசம்: ஒயினும் பீரும் மெல்ல உறிஞ்சும் வழக்கம் குறைவு, சரக்கை மடமடவென்று இறக்கும் வழக்கம் அதிகம். கத்தி போட்ட இடம் இரண்டு ஊரிலும் ஒன்றே.

இரண்டாவது வருடம் எப்படிப்பட்ட வருடம் என்பது செய்துகொண்டவர்களுக்குத் தெரியும். எடை இறங்கி நின்றுவிட்டது. சர்க்கரை மாத்திரை குறைந்துவிட்டது. பாண்டி பஜாரில் புதுச் சட்டை எடுத்தாயிற்று. பத்து வருடமாகத் தட்டிக்கழித்த கல்யாணங்களுக்கும் ஆபீஸ் பார்ட்டிகளுக்கும் இப்போது போகத் தோன்றுகிறது. மருத்துவமனைக்குப் போவது குறைந்து, வருடத்துக்கு ஒரு போன் என்றாகிவிடுகிறது. சர்ஜனும் இவரை வெற்றிக் கணக்கில் எழுதிவிட்டார். ஆபத்து ஏறும் வருடத்தில் யாருமே பார்க்கவில்லை, "ஆறு மாசம் தாண்டிடுச்சு" என்ற அனுமதிச் சீட்டு மட்டும் கையில் இருக்கிறது.

அப்புறம் அவர் குடியில் விழுந்தால் ஊர் என்ன சொல்கிறது? "முன்னாடி தீனிக்கு அடிமை, இப்போ சரக்குக்கு அடிமை. மனசு உறுதி இல்லாத ஆளு." இந்தத் தீர்ப்பு எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாக, ஓர் அடிமைத்தனத்தின் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொண்டது என்கிறார்கள். சாப்பாட்டை இழந்த ஏக்கம்தான் காரணம் என்றால், இரைப்பையைச் சுற்றி வெறும் பட்டை மாட்டிக்கொண்டவர்களுக்கும் அதே ஏக்கம் உண்டே. நான் சொன்ன ஐந்தாண்டுக் கணக்கில் பட்டை மாட்டியவர்களிடம் 11.3 சதவீதம்தான், பைபாஸில் அதற்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பைபாஸில் எடையும் அதிகம் குறைகிறது, அதனால் இந்த ஒப்பீடு மட்டும் வாதத்தை முடித்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலிகளையும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பைபாஸ் செய்த எலிகளுக்கு மதுவை வாய் வழியாக இல்லாமல், நேரே ரத்தக்குழாயில் தாமாகவே பெற்றுக்கொள்ளும் வழி செய்துகொடுத்தார்கள். அறுவை செய்யாதவற்றைவிட அவை அதிகமாகத் தேடிப் பெற்றன. அங்கே இரைப்பைக்கு வேலையே இல்லை. குடலிலிருந்து மூளைக்குப் போகும் சுரப்புகளின் செய்தியையே அறுவை மாற்றிவிடுகிறது என்பதற்கு இது வலுவான அறிகுறி. எலிக்கு மனவுறுதி இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனிதருக்கு மட்டும் ஏன் சொல்கிறோம்?

ஆண்கள், வயது குறைந்தவர்கள், புகைப்பவர்கள், ஏற்கெனவே வழக்கமாகக் குடித்தவர்கள், தனக்கென்று ஆட்கள் இல்லை என்று உணர்கிறவர்கள்: இவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று 2012 ஆய்வு சொன்னது. அதைக் கேட்டு, "எங்க வீட்ல அப்படி யாரும் இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிற குடும்பங்கள் மயிலாப்பூரில் ஏராளம். இந்த அறுவையைச் செய்துகொள்பவர்களில் பெண்கள் நிறைய. அறுவைக்கு முந்தைய ஆலோசனையின்போது மாமியார், கணவர், அண்ணன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, "குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்கிறார்கள். அந்த அறையில் அந்தப் பெண் வேறென்ன பதில் சொல்ல முடியும்? "இல்லை" என்று தாளில் ஏறிவிடுகிறது. மூன்று வருடம் கழித்து அவள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கும்போது, அந்த "இல்லை" அவள் வாயை இன்னும் இறுக்கமாகக் கட்டிப்போடுகிறது. கேட்பதென்றால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். குடி என்ற பெயரே இல்லாமல் வருவதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: தசமூலாரிஷ்டம், திராக்ஷாரிஷ்டம் போன்ற மருந்துகளில் நொதித்துத் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. சொன்ன அளவில் ஒரு மூடி குடிப்பதைப் பற்றி நான் பயமுறுத்தவில்லை. தூக்கம் வருகிறது என்று அந்த மூடி அரை டம்ளராகும்போது யாருக்கும் அது குடியாகத் தோன்றுவதில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட அச்சமூட்டுவது தள்ளாட்டம்தான். அறுவை செய்துகொண்ட ஒருவர் தடுமாறி நடக்கிறார், பேச்சு குழறுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது என்கிறார். வீட்டில் என்ன நினைப்பார்கள்? குடித்துவிட்டார் என்றுதான். அது வைட்டமின் பி1 தீர்ந்துபோன மூளையாக இருக்கலாம். தயமின் எனப்படும் இந்த பி1 உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பில் நிற்காது. சாப்பாடு குறைந்து, வாந்தி தொடர்ந்து, மாத்திரையும் விட்டுப்போனால் அது வற்றிவிடும். உடல் அதை உறிஞ்சுவதை மது குறைத்துவிடும். வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு இப்படி வருவதுதான். சிகிச்சை தாமதமானால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். இந்த நிலையில் வாந்தியோடு தெருமுனை கிளினிக்குக்குப் போனால் நம் ஊரில் முதலில் நடப்பது குளுக்கோஸ் டிரிப்ஸ். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி, பாதிப்பு முற்றிவிடும். "எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர், முதலில் தயமின் போடுங்கள்" என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

தள்ளாட்டத்துக்கு இன்னொரு காரணம் சர்க்கரை இறங்குவது. பைபாஸுக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சிலருக்குச் சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். மதுவோ, கல்லீரல் சர்க்கரை செய்து கொடுக்கும் வேலையைத் தடுக்கிறது. இரண்டும் ஒரே மாலையில் சேர்ந்தால், "மப்புல தூங்குறான், விடு" என்று போர்த்திவிட்டுப் போகிற நண்பர்கள் ஒரு உயிரை விட்டுவிட்டுப் போகலாம்.

வண்டியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின் எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. நான் மேலே சொன்ன கட்டிங் அளவில் பைபாஸ் செய்துகொண்ட பெண்கள் 80ஐத் தாண்டினார்கள். ஒரே ஒரு ஸ்மாலிலும் எல்லையைக் கடக்க வாய்ப்பிருக்கிறது, அதுவும் கிளாஸைக் கீழே வைத்த சில நிமிடங்களிலேயே. பழைய உடம்பு கற்றுக்கொடுத்த "எனக்கு இது ஏறாது" என்ற கணக்கை நம்பி எல்.பி. சாலையில் ஸ்கூட்டரை எடுப்பவர் தன்னை மட்டும் பணயம் வைக்கவில்லை.

இப்படியெல்லாம் எழுதினால் அறுவை தேவைப்படுபவர்களும் பயந்து ஓடிவிடுவார்கள் என்று ஓர் எதிர்வாதம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். இந்த அறுவை உயிர் காக்கிறது. சர்க்கரையும் மூச்சுத்திணறலும் முட்டி வலியும் குறைந்து மனிதர்கள் மறுபடி நடமாடுகிறார்கள். செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் குடிநோய்க்குப் போவதும் இல்லை. ஆனால் உண்மையை மறைத்துத் தேற்றி மேசைக்கு அழைப்பதை நான் ஏற்க மாட்டேன். 2024 ஏப்ரலில், சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் இறந்தபோது மாநிலமே பேசியது. அரசு விசாரணை நடத்தியது. பேசியது சரிதான். ஆனால் அந்தப் பேச்சு முழுக்க அறுவை நடந்த நாளைப் பற்றியது. இரண்டாவது வருடத்தைப் பற்றியும் மூன்றாவது வருடத்தைப் பற்றியும் அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை.

"வளர்ந்தவர்கள், அவர்கள் இஷ்டம்" என்பது இன்னொரு வாதம். இஷ்டம்தான். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்குமே சொல்லியாயிற்று. அதைக் கேட்டும் குடிப்பவர்கள் குடிக்கிறார்கள். அந்த உரிமையை நான் பறிக்கவில்லை. கட்டிங் என்று நம்பிக் குவார்ட்டரைக் குடிப்பவருக்கு விஷயம் தெரிந்து தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை என்கிறேன்.

அதனால் அந்தப் பழைய வரியை டிஸ்சார்ஜ் தாளிலிருந்தும் பூங்காப் பேச்சிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியது இது: குடிக்காமல் இருப்பதே நல்லது, முன்பு வழக்கமாகக் குடித்தவர் தொடவே வேண்டாம். குடித்தே தீருவேன் என்பவர் முதல் ஆண்டு முடியும்வரை விலகியிருக்கட்டும். அதற்குப் பிறகும் ஒரு ஸ்மாலை இரண்டாக எண்ண வேண்டும். தனியாகக் குடிக்கக் கூடாது. அன்று சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். கூட இருப்பவருக்கு ஆபரேஷன் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பி1 மாத்திரை ஒருநாளும் நிற்கக் கூடாது. மருத்துவமனைகள் இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவர்களை நேரில் கூப்பிட்டு, எடையோடு குடியையும் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். நிரப்பச் சில நிமிடங்கள் போதும். அதில் தவறு தெரிந்தால் அனுப்ப இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில்தான் இருக்கிறது. குடியை நோயாகப் பார்த்துச் சிகிச்சை தருவதில் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உள்ள இடம் அது. எடை குறைப்பு அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் அத்தகைய ஓர் இடத்தோடு முன்கூட்டியே பேசி வைத்து, அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரத்தை நோயாளியின் கோப்பில் அறுவைக்கு முன்பே எழுதிவிட வேண்டும்.